கிராணி தேரேறிய திருவிழா

தேர்க் கொட்டகையின் தகரக் கதவைத் தள்ளியதும் முதலில் வந்தது வாசனைதான். பழைய பட்டு, கற்பூரம், ஈரமரம், எலிப்புழுக்கை எல்லாம் கலந்த வாசனை. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கிற இடம் வேறு எப்படி இருக்கும்? ஆனால் அன்றைக்கு அதில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. பால் மணம்.

மறுநாள் சாயங்காலம் தேர் புறப்பட வேண்டும். பட்டுத் துணிகளை எடுத்து வெயில் காட்டப் பெண்கள் நாலைந்து பேர் போயிருந்தோம். வெயில் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். கேமரன் மலையில் அந்த மாதத்தில் துணியைக் காற்றில் இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு மடிப்பதற்குப் பெயர்தான் வெயில் காட்டுவது.

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, அம்மன் உட்காரும் பீடத்துக்குப் பின்னால் கையை விட்டாள். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டாள்.

"யம்மா! உள்ள என்னமோ உஸ்ஸுங்குது!"

பாம்பு என்று நினைத்து இரண்டு பேர் வெளியே ஓடிவிட்டார்கள். நான் கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். இரண்டு நாளாக நான் லயம் லயமாக, வரிசை வீடு ஒன்று விடாமல் தேடிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுப் பூனை கிராணி, அம்மனின் சிவப்புப் பட்டைக் குழி பறித்து மெத்தையாக்கி, அதன் நடுவில் படுத்திருந்தாள். வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கண் திறக்காத மூன்று குட்டிகள். என்னைப் பார்த்ததும் சீறுவதை நிறுத்தினாள். கதவைச் சாத்து, குளிருது என்று சொல்லாத குறைதான்.

லெட்சுமி அக்கா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"போச்சுடி மாலா. தேருல தீட்டாயிருச்சு."

இது அழுகைக் கட்டுரை இல்லை

கிராணி போன மாதம் செத்துப்போனாள். நோய்நொடி இல்லை. வயதாகிவிட்டது. அடுப்படியில், சூடு ஆறாத அடுப்புக்குப் பக்கத்தில், தூங்கியவள் எழுந்திருக்கவில்லை.

இந்தத் தொடரில் அவள் பெயர் அங்கங்கே வந்து போயிருக்கிறது. செய்தி தெரிந்ததும் சிலர் ஆறுதல் சொல்லி எழுதியிருந்தீர்கள். 'அடுத்த வாரம் அவளைப் பற்றி எழுதுங்கள், நாங்களும் சேர்ந்து அழுகிறோம்' என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். மன்னிக்க வேண்டும் அம்மா. அழுகிற வேலையை நான் வீட்டிலேயே முடித்துவிட்டேன். கிராணி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு வெற்றி. தோட்டத்துச் சனங்கள் கேட்டு, கேட்டதைக் கையோடு வாங்கின கதைகள் எங்களிடம் அதிகம் கிடையாது. இருக்கிற ஒன்றை அழுது கெடுக்க எனக்கு மனமில்லை.

அதற்கு முதலில் அவள் எப்படி வந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மேசைமேல் உட்கார்ந்தவள்

விடியற்காலையில் ஆட்களை ஒரே இடத்தில் கூட்டி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பதற்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்து வார்த்தை. அவன் போய்விட்டான், வார்த்தை போகவில்லை. மேனேஜர் இன்றைக்கும் துரைதான். கணக்கு எழுதும் குமாஸ்தா இன்றைக்கும் கிராணிதான்.

நானும் என் வீட்டுக்காரர் சேகரும் அப்போது மலையில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தோம். இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடக்கிற மெஷின் அது. நிரையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். காலையில் வீட்டில் சண்டை போட்டிருந்தால் மெஷின் கோணலாகப் போகும். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் தூரத்திலிருந்து பார்த்தே, "என்னா, இன்னிக்குமா?" என்று கேட்பார்.

ஒருநாள் பெரட்டில் கிராணியின் மேசைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிப்பூனை கிடந்தது. மறுநாள் மேசைமேல் ஏறிவிட்டது. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு முகமாகப் பார்க்கும். தாமதமாக ஓடி வருகிறவனை முறைக்கும். நேபாளத்திலிருந்து வேலைக்கு வந்த பையன்கள்தான் அதைக் கண்டு முதலில் சிரித்தார்கள். பிறகு அந்தக் கிராணிக்கு மாற்றலாகிவிட்டது. புதியவர் வந்து சேரும் வரைக்கும் மேசையில் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தது பூனை மட்டும்தான். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டுக்கு வந்தது சேகரின் சாப்பாட்டுத் தூக்கைப் பின்தொடர்ந்து. தூக்கில் நெத்திலிச் சம்பல். பாசம், விசுவாசம் என்றெல்லாம் நான் கதை கட்ட மாட்டேன். நெத்திலிதான் காரணம்.

குறுக்கே பூனை போனால் சகுனம் சரியில்லை என்று வண்டியை நிறுத்துகிறவர்கள் எங்கள் ஆட்கள். டிராக்டர் ஓட்டுகிற தங்கராசு அண்ணன் இறங்கி, ஒரு சிகரெட்டை முழுசாகப் பிடித்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். கிராணியோ தினமும் சரியாக டிராக்டர் கிளம்பும்போதுதான் ரோட்டைக் கடப்பாள். தினமும் அத்தனை பேரும் டிராக்டரில் குந்திக்கொண்டு அவர் சிகரெட் முடியக் காத்திருந்தோம். கடைசியில் அவரே ஒரு சட்டம் போட்டார்.

"கிராணி போனா கணக்குல சேராது. வேற பூனை போனாத்தான் சகுனம்லா."

எல்லோருக்கும் அவள்மேல் அந்தச் சலுகை உண்டு, லெட்சுமி அக்காவைத் தவிர. லெட்சுமி அக்கா கருவாடு காயப்போட்டால் கிராணிக்குத் திருநாள். கம்பு, வலை, மிளகாய்த்தூள் எல்லாம் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. "ஒம் பூனைய ஒருநாள் கொழம்பு வச்சிருவேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். கிராணியும் நானும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருப்போம்.

பூசாரியின் கண்ணாடி

இனி திருவிழாவுக்கு வருகிறேன். எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறுகிற அன்று காப்பு கட்டுவார்கள். மஞ்சளில் நனைத்த நூல், நடுவில் ஒரு துண்டு மஞ்சள். வேண்டுதல்காரர்களுக்கு மட்டும் என்றில்லை, எங்கள் தோட்டத்தில் கைக்குழந்தை வரைக்கும் கட்டுவது வழக்கம். கட்டிய பிறகு வீட்டில் கவுச்சி கூடாது. கட்டியவர் தோட்டத்து எல்லையைத் தாண்டிப் போய் வெளியில் தங்கக் கூடாது. தானா ராத்தா டவுனுக்கு மருந்து வாங்கப் போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். திருவிழா முடிந்து கொடி இறங்கிய பிறகு பூசாரிதான் தன் கையால் அவிழ்ப்பார்.

அந்த வருடம் கொடியேற்றத்தன்று நல்ல மூடுபனி. கோலாலம்பூரிலிருந்து என் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். இந்தக் குளிரில் பிள்ளையை வெளியே கொண்டுவர வேண்டாம், பூசாரி அப்புறம் வீட்டுக்கு வந்து கட்டட்டும் என்று அவளை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கிராணி நிறைமாதம். நடுங்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். தூக்கிச் சால்வைக்குள் வைத்துக்கொண்டேன். கோயிலுக்குள் போகாமல், வெளியே நீண்ட வரிசையின் வாலில் நின்றேன்.

பூசாரி முனியாண்டி அண்ணனுக்குப் பகலில் தொழிற்சாலையில் இலை காயவைக்கிற வேலை. நல்ல மனிதர். கண்ணாடி இல்லாவிட்டால் தன் மனைவியையே யாரு என்று கேட்பார். அன்று கண்ணாடி இருந்தது. ஆனால் கற்பூரப் புகையும் பனியும் சேர்ந்து அதை வெள்ளையாக்கிவிட்டன. துடைக்க நேரமில்லை. இரண்டு கையிலும் நூல். என் முறை வந்தது. நான் கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன். கட்டினார்.

"பேரப்புள்ளையா? இந்தா, ஒனக்கும் கட்டிருவோம் தாயீ" என்ற குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தால், தொங்குகிற நூலைப் பிடித்து விளையாடச் சால்வைக்குள்ளிருந்து கிராணி ஒரு முன்னங்காலை நீட்டியிருக்கிறாள். மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே பூசாரி அதில் முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

நான் அப்படியே நின்றேன். பின்னால் நின்றவர் "நவுரு மாலா" என்றார். நகர்ந்துவிட்டேன்.

வீட்டில் சேகர் குதித்தார். "அபச்சாரம்! பூனைக்கா காப்பு? மொதல்ல அவுரு!"

"நான் எப்படி அவுக்கிறது? பூசாரி கட்டுனத பூசாரிதான அவுக்கணும்?"

 எங்கள் சட்டம் அப்படி. கிராணி நூலை ஒருமுறை நக்கிப் பார்த்தாள். மஞ்சள் ருசி பிடிக்கவில்லை போல, விட்டுவிட்டாள். பிறகு போய் நெத்திலி தின்றாள். காப்பு கட்டிக்கொண்டு கவுச்சி சாப்பிட்டதில் எங்கள் தோட்டத்தில் அவள்தான் முதல் ஆள்.

தேரா, லோரியா?

கொட்டகைக்கே திரும்புவோம். தீட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் பூசாரியையும் கூட்டிக்கொண்டு கோயில் தலைவர் வந்துவிட்டார். அவர்தான் எங்கள் மண்டோரும். ராமையா அண்ணன். மலையிலும் அவர் சொல்வதுதான், கோயிலிலும் அவர் சொல்வதுதான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். திருவிழா குறையில்லாமல் நடக்க வேண்டும் என்று உடம்பைப் போட்டு உழைப்பவர். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு மாற்ற மாட்டார்.

"அள்ளிப் போடுங்க வெளிய" என்றார்.

அள்ளினோம். கூடையில் சாக்கு விரித்து, தாயையும் குட்டிகளையும் கொட்டகைக்கு வெளியே வைத்தோம். நாங்கள் பட்டை எடுத்து மடிப்பதற்குள் கிராணி ஒரு குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு தேரில் ஏறிவிட்டாள். அடுத்ததை எடுக்க இறங்கினாள். மறுபடி எடுத்து வைத்தோம். மறுபடி ஏற்றினாள். மதியம் வரைக்கும் இதேதான். எங்களுக்குக் கை ஓய்ந்தது. அவளுக்கு வாய் ஓயவில்லை.

தலைவருக்குக் கோபம் தலைக்கேறியது. "எம் மச்சான் லோரி திரிங்காப்ல இருந்து முட்டைக்கோசு ஏத்திக்கிட்டு வருது. அதுல போட்டுக் கீழ அனுப்பிருங்க. எங்கயாவது பசார்ல எறக்கி விடட்டும். தின்னு பொழச்சுக்கும்."

 கண் திறக்காத குட்டிகள். மலை இறங்க அத்தனை வளைவு. கீழே ஏதோ ஒரு மீன் சந்தை, தெருநாய்கள். குட்டி ஒன்றுகூட மிஞ்சாது. பச்சை உடம்போடு அவளும் மிஞ்சுவாளோ என்னவோ.

"அண்ணே, வேணாம்ணே. நான் வீட்டுல பூட்டி வைக்கிறேன்."

"ஒங்க ஜன்னல்ல கண்ணாடி இருக்கா? பூட்டி வைக்கிறாளாம். அது திரும்பத் தேருக்குத்தான் வரும்லா."

அது உண்மைதான். சொல்லிவிட்டு அவரே குனிந்து அவளைத் தூக்கப் போனார். கிராணி முன்னங்காலை ஓங்கினாள். அந்தக் காலில் மஞ்சள் நூல்.

தலைவர் அப்படியே நின்றுவிட்டார். "யாரு கட்டுனது இத?"

 லெட்சுமி அக்கா என்னைப் பார்த்தாள். நான் பூசாரியைப் பார்த்தேன். பூசாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். பிறகு என் சால்வையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. காது வரைக்கும் சிவந்து போனார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருக்கலாம், பழி என் தலையில் விழுந்திருக்கும்.

"நாந்தான் கட்டுனேன்" என்றார்.

"பூனைக்கா?"

"அம்மன் பேரச் சொல்லிக் கட்டுனது தலைவரே. கட்டுனது கட்டுனதுதான். கொடி எறங்காம நான் அவுக்க முடியாது. காப்போட எல்லை தாண்டி அனுப்பவும் முடியாது."

"எலி திங்கிற சாதிக்குக் காப்பா?"

"அதுக்கு யாரும் வெரதம் சொல்லலையே."

தலைவர் அம்மன் சன்னதிப் பக்கம் பார்த்தார். அந்த வழக்கத்தை எங்களுக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவரே அவர்தான். மகள் பிரசவத்துக்கு ஈப்போவுக்குப் போகாமல் காப்பைக் காரணம் சொல்லி இருந்தவர். அதை இப்போது அவரால் உடைக்க முடியாது.

"சரி. கொடி எறங்கட்டும்" என்றார் கடைசியில். "காப்பு அவுத்த மறு நிமிசம் லோரி. மச்சான நிக்கச் சொல்லிருவேன். அப்புறம் எவனும் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

ஆக, எனக்குக் கிடைத்தது அவகாசம் மட்டும்தான்.

முன்னே அம்மன், பின்னே கிராணி

இறக்கினாலும் ஏறுவாள் என்று அவளைத் தேரிலேயே விட்டோம், பூசாரி தீட்டுக் கழிய மஞ்சள்நீர் தெளித்தார். அழுக்கான பட்டுக்குப் பதில் வேறு பட்டு வந்தது. பீடத்துக்குப் பின்னால் லெட்சுமி அக்கா தன் பழைய கம்பளிச் சட்டையைச் சுருட்டி வைத்ததை நான் பார்த்தேன். "பட்டு பாழாப்போவுது, அதுக்குத்தான்" என்றாள் நான் கேட்காமலேயே.

தேர் புறப்பட்டபோது மலை முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது. கலர் பல்புகள் எரிந்தன, ஜெனரேட்டர் உறுமியது, உருமி மேளம் காதைப் பிளந்தது. இந்தச் சத்தத்துக்குக் கிராணி குட்டிகளை விட்டுவிட்டு ஓடிவிடுவாள் என்று எனக்குப் பயம். தேருக்குப் பக்கத்திலேயே நடந்தேன். கற்பூரம் காட்டும்போது என்ன வேண்டினேன் என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் படிப்புக்காகக்கூட அப்படி வேண்டியதில்லை.

அவள் ஓடவில்லை. முதல் லயத்தில் தேங்காய் உடைத்தபோது பட்டுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். ஒரு சிறுமி "கிராணீ!" என்று கத்தினாள். அவ்வளவுதான். அடுத்த லயத்துக்குள் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. சேலை கட்டிய பெண்கள் ஒரு தட்டில் அம்மனுக்குப் பழம், இன்னொரு கிண்ணத்தில் பால் என்று கொண்டுவந்தார்கள். நேபாளத்துப் பையன்கள் அவர்கள் தங்கும் வீட்டு வாசலில் கை கூப்பி நின்றார்கள். அம்மனைக் கும்பிட்டார்களா அவளைக் கும்பிட்டார்களா, எனக்குத் தெரியாது. தொழிற்சாலை வாசலில் துரை தேரை வரவேற்க வந்தவர், மாலை மரியாதையெல்லாம் முடிந்ததும் தேரைச் சுற்றிப் பின்பக்கம் போய்க் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

தலைவர் தேருக்கு முன்னால் விறைப்பாக நடந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சு பூரித்தது. அடுத்த நிமிடமே லோரி ஞாபகம் வந்து அடங்கியது.

கையை மடக்கிய பெண்கள்

மறுநாள் காலையில் கொடி இறங்கியது. கோயில் பின்கட்டில் அண்டாக்கள் காத்திருந்தன. ஆட்டுக்கறி அறுத்துக் கழுவித் தயாராக இருந்தது. காப்பு அவிழ்த்த பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். அத்தனை நாள் சைவம் சாப்பிட்ட ஆண்கள் அண்டாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈப்போவிலிருந்து தலைவரின் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

கோயில் மதிலோரம் லோரி நின்றது. கிராணியையும் குட்டிகளையும் கோசுக்கூடையில் வைத்து மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்திருந்தார்கள். அவள் கத்தவில்லை. இடுக்கு வழியாக என்னையே பார்த்தாள். சேகர் கிராமத்துக் கோயில் சாமியாடி போலக் கண் சிவந்து நின்றார். காப்பு கட்டிய அன்று அபச்சாரம் என்று குதித்த மனுஷன்தான்.

எங்கள் வழக்கப்படி முதல் மரியாதை தலைவருக்கு. முதலில் அவருக்குத்தான் அவிழ்க்க வேண்டும். அவர் வலது கையை நீட்டினார். பூசாரி குனிந்தார்.

"கொஞ்சம் இருங்க பூசாரி" என்று ஒரு குரல்.

லெட்சுமி அக்கா. முன்வரிசையில் நின்றிருந்தவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"தலைவரே, காப்ப அவுத்ததும் அந்தப் பூனைய லோரில ஏத்திருவீங்களா?"

"முந்தாநாளே சொல்லியாச்சு."

"அப்ப எனக்கு அவுக்க வேணாம்." சேலைத் தலைப்புக்குள் கையை மடக்கி வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் சிரிக்கப் பார்த்தார். "ஏம்மா, ஒங்க வீட்டுக் கருவாட்டத் தின்ன பூனைதான அது?"

"எங் கருவாடு. சண்டை எனக்கும் அதுக்கும். ஒங்களுக்கு என்னா?" அவள் லோரியைப் பார்த்தாள். "வேலை முடிஞ்சா வூட்டக் காலி பண்ணுன்னு இந்த மேட்டுல இருந்து எத்தனை பேர லோரில ஏத்தி அனுப்பிருக்கோம்? எங்க மாமியார் சாமாஞ்சட்டியோட போனாங்க. நின்னு கைய ஆட்டிக்கிட்டுத்தான இருந்தோம்? குட்டி போட்டதயுமா ஏத்தணும்? நான் அவுக்க மாட்டேன்."

அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தோட்டத்தில் வேலை இருக்கும் வரைக்கும்தான் வீடு. பிறந்து வளர்ந்த லயத்தை விட்டு ஒருநாள் லோரியில் ஏறித்தான் ஆக வேண்டும். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அவள் பேசிவிட்டாள்.

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மகள் கைக்குழந்தையோடு உட்கார்ந்தாள். பிறகு யார் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்க்க முடியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். வரிசையாகச் சேலைகள் சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் எல்லோரும் கையை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டார்கள். பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மலைக்கு ஏறுகிற பெண்கள். துரையிடம் காலுக்குச் சப்பாத்து கேட்கக்கூடப் பயப்படுகிற பெண்கள்.

தங்கராசு அண்ணன் அண்டாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுவிட்டு அவரும் உட்கார்ந்தார். நேரம் போனது. சம்பந்தி வீட்டுப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அடுப்பு மூட்டாமல் கறி கிடந்தது.

தலைவர் நீட்டிய கையை மடக்காமல் நின்றிருந்தார். வேறு வழி தெரியாமல் தன் மனைவியைத் தேடினார். அந்த அம்மாள் எங்களுக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில், கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். முடியாது என்று.

தலைவர் லோரிப் பக்கம் திரும்பினார். மச்சானைப் பார்த்துக் கத்தினார்.

"என்னாலா பாத்துக்கிட்டு நிக்கிற? கூடைய எறக்கி வை. லோரிய எடு."

கூடையைத் திறந்ததும் கிராணி வெளியே வந்து சோம்பல் முறித்தாள். யாரும் கை தட்டவில்லை, கூச்சல் போடவில்லை. எங்களுக்கு ஜெயித்துப் பழக்கமில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தோம்.

பூசாரி மறுபடி தலைவர் கையை நோக்கிக் குனிந்தார். தலைவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மொதல்ல அதுக்கு" என்றார்.

முதல் மரியாதைக்காகச் சண்டை போட்டு, மண்டை உடைந்து, இரண்டு கட்சியாகப் பிரிந்த கோயில்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் கோயிலில் அந்த வருடம் முதல் மரியாதை ஒரு பூனைக்கு. பூசாரி மண்டியிட்டு, கண்ணாடியை நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மந்திரம் சொல்லி அவிழ்த்தார். அப்போதுதான் உருமிக்காரர் ஒருவர் தன் பாட்டுக்கு ஒரு தட்டுத் தட்டினார். பிறகு எழுந்த குலவை மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு

குட்டிகளில் ஒன்று தொழிற்சாலைக்குப் போனது. ஒன்று நேபாளத்துப் பையன்களோடு. மூன்றாவதை லெட்சுமி அக்கா கேட்டு வாங்கினாள். வீட்டிலேயே ஒரு கள்ளி இருந்தால் வெளிக்கள்ளி வர மாட்டாள் என்பது அவள் கணக்கு. தாயும் குட்டியும் கூட்டாகத் திருடினார்கள்.

கிராணி அதற்குப் பிறகும் பல வருடங்கள் பெரட்டுக்குப் போனாள், டிராக்டருக்குக் குறுக்கே போனாள், திருவிழா வந்தால் தேர்க் கொட்டகையில் ஒரு சுற்று வந்து பார்த்தாள். தலைவரை வழியில் கண்டால் ஒதுங்க மாட்டாள். அவர்தான் ஒதுங்கிப் போவார்.

தலைவருக்கும் வயதாகி வேலை முடிந்தது. அவர் வீட்டுச் சாமான்களும் லோரியில் ஏறின. அவர் மச்சானின் அதே லோரி. இப்போது திரிங்காப்பில் மகனோடு பூந்தோட்டத்தில் இருக்கிறார். புதிய தலைவர், புதிய மண்டோர் எல்லாம் வந்துவிட்டார்கள்.

கிராணி செத்த அன்று சாயங்காலம் ராமையா அண்ணனிடமிருந்து போன் வந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

"போயிருச்சாமே" என்றார்.

"ஆமாண்ணே. தூக்கத்துலயே."

 பின்னால் யாரோ தண்ணீர் பாய்ச்சுகிற சத்தம் கேட்டது.

"எங்க பொதைச்ச?"

"கோயிலுக்குப் பின்னால, மேட்டுல."

"தோட்டத்து எல்லைக்கு உள்ளதான?"

"உள்ளதாண்ணே."

"அப்ப சரி. மேல நல்ல கல்லாத் தூக்கி வை. மழைல மண்ணு எறங்கும்லா."

போனை வைத்துவிட்டு நானும் சேகரும் ஓடையிலிருந்து கல் தூக்கினோம். லெட்சுமி அக்காவும் வந்து ஒன்றைத் தூக்கினாள். எங்களுக்கும் ஒருநாள் லோரி வரும். கிராணிக்கு வராது.